குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர், மழலையர் பள்ளி ஆசிரியர், உளவியல் மாணவர் என்று மூன்று தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்வதால், முதல் மூன்றையும் தாண்டிப் போகாமல் படித்துவிடுவது நல்லது.

1. பேசவே தெரியாத குழந்தைக்கு என்ன தெரியும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் அந்தந்த வயதில் குழந்தைக்கு எது நன்றாகச் செய்ய வருமோ அதை அளக்கிறார்கள். பிறந்த இரண்டு நாள் குழந்தைக்கு உறிஞ்சத் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் காலை உதைக்கும். நான்கு மாதம் ஆனால் கண்ணை வேண்டிய பக்கம் திருப்பி நிறுத்தும். ஆறு மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பும். பிறகு கைநீட்டி எடுக்கும், தவழ்ந்து போகும். இவை ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சோதனை முறை உருவாகியிருக்கிறது.

அதிகம் பயன்படுவது கண்தான். உளவியலாளர் ராபர்ட் ஃபான்ஸ் 1950களின் இறுதியில் குழந்தைக்கு எதிரே இரண்டு படங்களை வைத்து, நடுவிலிருந்த சிறு துளை வழியாக அதன் கருவிழியில் எந்தப் படம் பிரதிபலிக்கிறது என்று பார்த்து நேரத்தைக் குறித்தார். வெறும் சாம்பல் அட்டையைவிடக் கோடு போட்ட அட்டையைக் குழந்தை அதிக நேரம் பார்த்தால், குறைந்தபட்சம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்லலாம். இன்று துளை இருந்த இடத்தில் கேமராவும், கண் போகும் இடத்தைப் பதிவுசெய்யும் ஐ டிராக்கர் கருவியும் வந்துவிட்டன. தர்க்கம் மாறவில்லை.

2. 'பழகிப்போகும் வரை காட்டுவது'ன்னு ஒரு முறை சொல்றாங்களே, அதை எப்படிச் செய்வாங்க?

ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். குழந்தை பார்க்கத் தொடங்கியதும் கடிகாரம் ஓடும். தொடர்ந்து 2 விநாடி வேறு பக்கம் திரும்பிவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. இடையில் ஒரு மின்னும் படமோ கிலுகிலுப்பைச் சத்தமோ வந்து கவனத்தை மறுபடி நடுவுக்கு இழுக்கும். அடுத்த சுற்று தொடங்கும்.

எப்போது நிறுத்துவது என்பதற்குக் கணக்கு உண்டு. முதல் மூன்று சுற்றுகளில் குழந்தை பார்த்தது 30, 26, 22 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 78, அதில் பாதி 39. பின்னால் அடுத்தடுத்து வரும் மூன்று சுற்றுகளின் கூட்டுத்தொகை 39க்குக் கீழே இறங்கியதும், உதாரணமாக 14, 12, 11 என்று வந்ததும், குழந்தைக்கு அந்தக் காட்சி சலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது புதுக் காட்சி வரும். பார்க்கும் நேரம் மறுபடி ஏறினால் மாற்றத்தைக் குழந்தை கவனித்திருக்கிறது. ஏறவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: வித்தியாசம் தெரியவில்லை, அல்லது குழந்தைக்குத் தூக்கம் வந்துவிட்டது. இதைப் பிரித்தறியக் கடைசியில் முற்றிலும் வேறான, பளிச்சென்ற ஒரு காட்சியைப் போடுவார்கள். அதையும் பார்க்காத குழந்தையின் தரவைச் சேர்ப்பதில்லை.

3. அதிக நேரம் பார்த்தா குழந்தை ஆச்சரியப்படுதுன்னு அர்த்தமா?

இந்தத் துறையில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. 'அதிக நேரம் பார்த்தது' என்பது அளவீடு. 'ஆச்சரியப்பட்டது', 'புரிந்துகொண்டது' என்பவை நாம் ஏற்றிச் சொல்பவை. நடுவில் உள்ள தூரத்தைக் கடக்கக் கட்டுப்பாட்டுச் சோதனைகள், அதாவது வேறு காரணங்கள் இல்லை என்று சரிபார்க்கும் சோதனைகள், வேண்டும்.

ரெனே பெயார்ஜான் 1987இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மேசைமேல் ஒரு தடுப்புப் பலகை, ஓர் ஓரம் கீலில் பொருத்தப்பட்டு, முன்னும் பின்னுமாக 180 டிகிரி சாய்ந்து எழும். அது பழகிப்போன பிறகு பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைக்கிறார்கள். நடக்கக்கூடிய காட்சியில் பலகை 112 டிகிரியில் பெட்டிமேல் முட்டி நின்றுவிடும். நடக்க முடியாத காட்சியில், பெட்டியே இல்லாததுபோல் 180 டிகிரியும் சாய்ந்துவிடும். நாலரை மாதக் குழந்தைகள் இரண்டாவதை அதிக நேரம் பார்த்தன. பெட்டி மறைந்தாலும் அங்கேதான் இருக்கிறது என்று எதிர்பார்த்தன என்பது பெயார்ஜானின் விளக்கம்.

எதிர்வாதமும் உண்டு. 180 டிகிரிதான் ஏற்கெனவே பழகிய அசைவு. முழுதாகச் சலிப்பதற்குள் சோதனை தொடங்கிவிட்டால் குழந்தை பழகியதையே இன்னும் கொஞ்சம் பார்க்க விரும்பலாம், பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். இதற்காகத்தான் பெட்டியை வைக்காமலும் அதே இரண்டு அசைவுகளைக் காட்டிச் சரிபார்த்தார்கள். அங்கே அந்த வித்தியாசம் வரவில்லை. அதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை. எந்த ஆய்வைப் படித்தாலும் 'இந்தக் குழந்தைகள் புதியதைப் பார்த்தனவா, பழகியதைப் பார்த்தனவா' என்பதை முதலில் தேடுங்கள்.

4. அம்மா மடியிலதானே குழந்தை இருக்கு? அம்மாவே தெரியாம காட்டிக் கொடுத்துடலாமே?

கொடுக்கலாம். அம்மாவின் உடல் லேசாக விறைத்தாலே குழந்தை திரும்பிப் பார்க்கும். அதனால் பெற்றோரைக் கண்ணை மூடச் சொல்வார்கள், அல்லது கறுப்புக் கண்ணாடி மாட்டுவார்கள். ஒலி சம்பந்தப்பட்ட சோதனை என்றால் ஹெட்போனில் பாட்டு ஓடும். நேரத்தைக் குறிப்பவருக்கும் திரையில் எந்தக் காட்சி ஓடுகிறது என்று தெரியாது, குழந்தையின் முகம் மட்டும் தெரியும். பிறகு இன்னொருவர் வீடியோவைப் பார்த்துத் தனியாகக் குறித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பார்.

ஓர் ஆய்வறிக்கையில் இந்த விவரங்கள் இல்லை என்றால் முடிவைச் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

5. குழந்தை அழுதா என்ன பண்ணுவாங்க?

நிறுத்திவிடுவார்கள். ஒப்புதல் படிவத்தில் பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பால் குடித்து, தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்து அழைப்பதும், சோதனையை ஐந்து பத்து நிமிடத்துக்குள் முடிப்பதும் இதற்காகவே.

அழுத குழந்தை, தூங்கிய குழந்தை, கருவி பிசகிய சுற்று எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் முடிவில் வரும். யாரைக் கழிப்பது என்ற விதியைத் தரவு சேர்க்குமுன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். முடிவைப் பார்த்தபிறகு 'இந்தக் குழந்தை சிணுங்கியது' என்று எடுத்துவிட ஆரம்பித்தால் வேண்டிய முடிவைத் தருவித்துவிடலாம்.

6. பொருளை மறைச்சுட்டா அது இல்லவே இல்லைன்னு குழந்தை நினைக்குமாமே?

சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே அப்படித்தான் கருதினார். ஏழு மாதக் குழந்தையின் கண்ணெதிரே பொம்மையைத் துணியால் மூடினால் அது துணியை விலக்கித் தேடாது. எட்டு ஒன்பது மாதத்தில் தேடும். ஆனால் 3ஆம் பதிலில் சொன்ன ஆய்வில் அதைவிடச் சின்னக் குழந்தைகளும் மறைந்த பெட்டியைக் கணக்கில் வைத்ததுபோல் நடந்துகொண்டன. கண்ணுக்குத் தெரிந்தது கைக்கு வரவில்லை என்பதுதான் இங்குள்ள புதிர். தேடுவதற்கு, இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. துணியைப் பிடித்து விலக்கி, பிறகு எடுப்பது என்று இரண்டு படியாகத் திட்டமிட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தையின் முன் ஒரே மாதிரி இரண்டு துணிகளை இடமும் வலமுமாக வையுங்கள். பொம்மையை இடப்பக்கத் துணிக்கடியில் வைத்து எடுக்க விடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. அடுத்து, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத்தில் ஒளித்து, நான்கைந்து விநாடி கையைப் பிடித்துவைத்து, பிறகு விடுங்கள். பெரும்பாலும் பழைய இடப்பக்கத்துக்கே கை போகும். சில குழந்தைகள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் கைநீட்டும்! ஒளித்தவுடன் விட்டால் தவறு குறையும். ஏடல் டயமண்ட் அளந்து பார்த்ததில் ஏழரை மாதத்தில் 2 விநாடிக்கும் குறைவான தாமதமே தவறுக்குப் போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு மாதத்தில் 10 விநாடிக்கு மேல் தேவைப்பட்டது. நினைவும், பழகிய கையசைவை அடக்குவதும் சேர்ந்து முதிர்கின்றன என்பது அவர் தந்த விளக்கம்.

7. அஞ்சு மாசக் குழந்தைக்குக் கூட்டல் கழித்தல் தெரியும்னு படிச்சேன். நிஜமா?

கேரன் வின் 1992இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறீர்கள். சிறு மேடையில் ஒரு பொம்மை. திரை எழுந்து அதை மறைக்கிறது. ஒரு கை இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையாகத் திரும்புகிறது. திரை இறங்கும்போது இரண்டு பொம்மை இருந்தால் சரி. ஒன்றுதான் இருக்கிறது என்றால் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. இரண்டிலிருந்து ஒன்றை எடுக்கும் காட்சியிலும் அப்படியே.

இதைக் 'கணக்கு' என்று சொல்வது பெரிய சொல். ஒன்று, இரண்டு, மூன்று வரை ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக மனதில் பின்தொடர முடிந்தாலே இந்த முடிவு வரும். பெரிய எண்ணிக்கைகளில் தோராயம்தான். ஃபெய் ஷுவும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2000இல் காட்டியபடி ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளியையும் 16 புள்ளியையும் பிரித்தறிந்தன, 8க்கும் 12க்கும் வித்தியாசம் தெரியவில்லை. விகிதம்தான் எல்லையைத் தீர்மானிக்கிறது.

8. என் பொண்ணு இருபது வரைக்கும் தடுமாறாம சொல்றா. ஆனா 'மூணு குடு'ன்னா கை நிறைய அள்ளித் தர்றா. ஏன்?

இரண்டரை முதல் மூன்றரை வயதில் இது மிகச் சாதாரணம். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று ஒப்பிப்பது பாட்டு மாதிரி மனப்பாடம். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது தனி அறிவு, அது பிறகுதான் வரும். எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று பார்க்க, ஆய்வாளர்கள் செய்யும் 'எண்ணிக் கொடு' சோதனையை நீங்களும் செய்யலாம்.

ஒரே மாதிரியான சின்னப் பொருள்கள் பத்துப் பதினைந்தை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும் அளவில் இருக்கக் கூடாது. ஒரு பொம்மையை முன்னால் உட்காரவைத்து, 'பொம்மைக்கு ஒண்ணு குடு' என்று தொடங்குங்கள். சரியாகக் கொடுத்தால் அடுத்த எண், தவறினால் ஒன்று குறைத்துக் கேளுங்கள். கொடுத்து முடித்ததும் 'இது மூணுதானா? எண்ணிப் பாரு' என்று ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஓர் எண்ணை மூன்று முறை கேட்டு இரண்டு முறையாவது சரியாகக் கொடுத்தால் அந்த எண் தெரியும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: வேறு எண் கேட்கும்போது அதே அளவைக் கொடுக்கக் கூடாது. எதைக் கேட்டாலும் இரண்டு எடுத்துத் தரும் குழந்தைக்கு 'ரெண்டு' தெரியும் என்று சொல்ல முடியாது.

முதலில் 'ஒன்று' மட்டும் தெரியும், மற்றதற்கெல்லாம் ஒரு கைப்பிடி. சில மாதம் கழித்து 'இரண்டு'. மேலும் சில மாதத்தில் 'மூன்று', சிலருக்கு 'நான்கு'. அதன்பின் ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றாக ஏறுவதில்லை. எண்ணுவதன் சூட்சுமம் பிடிபட்டுவிடுகிறது, தெரிந்த எண் வரை எல்லாவற்றையும் எண்ணியே கொடுக்கிறாள். சோதிக்கும்போது செய்யும் தவறுகள் இரண்டு: 'சரி, தப்பு' என்று முகத்தில் காட்டிவிடுவது, பெரிய எண்ணில் ஆரம்பிப்பது. உதவ வேண்டும் என்றால் இன்னும் பெரிய எண்ணை ஒப்பிக்கச் சொல்வதைவிட, கண்ணெதிரே இருக்கும் பொருள்களை எண்ணி முடித்து மொத்தத்தையும் சொல்வது பலன் தரும்: 'ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு பந்து இருக்கு.'

9. வயித்துல இருக்கும்போதே அம்மா குரல் கேட்குமா?

கேட்கும். கடைசி மூன்று மாதத்தில் செவி வேலை செய்கிறது, தாயின் குரல் உடல் வழியாகவும் போய்ச் சேருகிறது. அந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980இல் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பானைக் கொடுத்து, உறிஞ்சலுக்கு இடையிலான இடைவெளியை நீட்டினாலோ குறைத்தாலோ தாயின் குரல் ஒலிக்கும்படி அமைத்தார்கள். குழந்தைகள் அதற்கேற்பத் தாளத்தை மாற்றிக்கொண்டன. இதை வைத்து வயிற்றின்மேல் ஒலிபெருக்கி வைக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். வழக்கமாகப் பேசுவதே போய்ச் சேருகிறது.

10. உலகத்துல எல்லா மொழி ஒலியும் குழந்தைக்குத் தெரியும், அப்புறம் மறந்துடும்னு சொல்றாங்களே?

கொஞ்சம் மிகைப்படுத்திய வடிவம், ஆனால் அடிப்படை சரி. 'ட', 'த' இரண்டும் நமக்கு வேறு வேறு ஒலிகள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் இந்தியின் இதே வேறுபாட்டை ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால், இருட்டுப் பெட்டிக்குள் ஒரு பொம்மை விளக்கெரிந்து ஆடும். 6 முதல் 8 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் திரும்பின. 10 முதல் 12 மாதத்தில் மிகச் சில குழந்தைகளே திரும்பின. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை.

இது காது மழுங்குவதல்ல. சுற்றிலும் பேசப்படும் மொழிக்கு எது முக்கியமோ அதில் கவனம் கூர்மையாகிறது, முக்கியமில்லாதது ஒதுக்கப்படுகிறது. பிறகும் கற்கலாம், உழைப்பு கூடும்.

11. பேச்சுல வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியே இல்லையே, எங்க வெட்டணும்னு குழந்தைக்கு எப்படித் தெரியுது?

எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பது ஒரு துப்பு. ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 1996இல் மூன்று அசைகொண்ட நான்கு பொருளற்ற சொற்களை இடைவெளியோ ஏற்ற இறக்கமோ இல்லாமல் கோத்து, எட்டு மாதக் குழந்தைகளுக்கு 2 நிமிடம் மட்டும் ஒலிக்கவிட்டார்கள். ஒரு சொல்லுக்குள் முதல் அசைக்குப் பின் இரண்டாவது கட்டாயம் வரும். சொல் முடிந்த இடத்தில் அடுத்து எது வரும் என்பது மூன்றில் ஒரு வாய்ப்பு. பிறகு சோதித்தபோது, கேட்ட சொற்களைவிட, சொல்லின் எல்லையைத் தாண்டி வெட்டிய அசைக்கோவைகளைக் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. இங்கே ஈர்த்தது புதியது என்பதைக் கவனியுங்கள் (3ஆம் பதில்).

12. வீட்டுல ரெண்டு மொழி பேசினா குழந்தை குழம்பிப் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. ஒரே மொழியில் தெரிந்த சொற்களை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும். இரண்டையும் கூட்டினால் ஒருமொழிக் குழந்தைகளுக்கு ஈடாகவே இருக்கும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பது பெரியவர்களும் செய்வதுதான். இரண்டு மொழியிலும் சேர்த்துப் பேச்சு பின்தங்கினால், காரணத்தை மொழிகளின் எண்ணிக்கைமேல் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் காதுப் பரிசோதனை செய்யுங்கள்.

13. வீடியோ போட்டுக் காட்டினா சீக்கிரம் பேசுமா? மொசார்ட் கேட்டா மூளை வளருமா?

பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் (சீன மொழி) பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள். 25 நிமிடம் வீதம் 12 அமர்வுகள். முடிவில் அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. அதே ஆள்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்றபோது ஒன்றும் கற்கவில்லை. ஜூடி டிலோக் குழுவினர் 2010இல், குழந்தைகளுக்கென விற்கப்படும் சொல் கற்பிக்கும் வீடியோவை 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் காட்டிப் பார்த்தார்கள். பார்க்காத குழந்தைகளைவிட அவை கூடுதலாக எதையும் கற்கவில்லை. அதே சொற்களை வீடியோ இல்லாமல் பெற்றோரே சொல்லிக்கொடுத்த குழுதான் முன்னால் நின்றது.

வீடியோ அழைப்பு இதில் சேராது. எதிர்முனையில் இருப்பவர் குழந்தை செய்வதைப் பார்த்துப் பதில் சொல்வதால், இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகள் அதில் புதுச் சொல் கற்றதாக 2014இல் வந்த ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டல்: இரண்டு வயதுக்குள் உட்கார்ந்து திரை பார்ப்பது வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். மொசார்ட் கதையின் தொடக்கம் 1993இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை. அதில் கிடைத்த சிறு ஏற்றமும் சில நிமிடங்களில் போய்விட்டது. அதில் ஒரு குழந்தைகூட இல்லை.

14. மூணு மாசக் குழந்தைக்கு ஞாபகம்னு ஒண்ணு இருக்கா?

இருக்கிறது. கேரலின் ரோவி-கோலியர் குழந்தையின் கணுக்காலில் ஒரு ரிப்பனைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மைக் கொத்தில் இணைத்தார். உதைத்தால் பொம்மைகள் ஆடும். முதல் 3 நிமிடம் ரிப்பனை வேறு கம்பியில் கட்டி, சும்மா எவ்வளவு உதைக்கிறது என்று எண்ணிக்கொள்வார். பிறகு 9 நிமிடம் இணைப்பு. சில நாள் கழித்து, இணைப்பில்லாமல் அதே கொத்தைத் தொங்கவிட்டால், சும்மா உதைத்ததைவிட அதிகம் உதைக்கிறதா என்பதே கேள்வி. இரண்டு மாதக் குழந்தைக்கு ஓரிரு நாள், மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் போல, ஆறு மாதத்துக்கு இரண்டு வாரம் வரை நினைவு நின்றது. மறந்துவிட்டதாகத் தெரிந்த குழந்தைக்கும், சோதனைக்கு முந்தைய நாள் அந்தக் கொத்து ஆடுவதைச் சற்று நேரம் காட்டினால் திரும்ப வந்தது. பொம்மைகளை மாற்றினால் மறுநாளே உதைக்கவில்லை. நினைவு அவ்வளவு இறுக்கமாக அந்தப் பொருளோடு ஒட்டியிருக்கிறது.

பெரியவர்களுக்கு மூன்று வயதுக்கு முந்தையது பெரும்பாலும் நினைவில் இல்லாதது வேறு விஷயம். நிகழ்ச்சியாகச் சொல்லக்கூடிய நினைவு நிலைக்கவில்லை என்பதால் கற்றது வீண் என்றாகாது.

15. தவழும்போது கட்டில் ஓரத்துல நின்னுடுவான். நடக்க ஆரம்பிச்சதும் அதே ஓரத்துல இறங்கப் பார்க்கிறான். மறந்துட்டானா?

எலனோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் கண்ணாடி மூடிய 'பள்ளத்தில்' தவழும் குழந்தைகளை அம்மா அழைக்கும்படி செய்தார்கள். நகர்ந்த 27 குழந்தைகளில் 3 மட்டுமே ஆழமான பக்கத்தின்மேல் போயின. ஆழம் கண்டால் அஞ்சுவது பிறவிக்குணம் என்று பலர் முடிவுகட்டினார்கள். கேரன் அடால்ஃப் செய்த ஆய்வுகள் அதைச் சிக்கலாக்கின. வாரக்கணக்கில் தவழ்ந்து, எந்தச் சரிவில் இறங்கலாம் என்று துல்லியமாகக் கணித்த குழந்தை, நடக்கத் தொடங்கியதும் செங்குத்துச் சரிவிலும் காலை வைத்துவிடுகிறது. பள்ளம் ஆபத்து என்பதைக் குழந்தை பொதுவாகக் கற்பதில்லை. தன் இப்போதைய உடல்நிலையால் எதைச் சமாளிக்க முடியும் என்பதைக் கற்கிறது. நடை வந்ததும் உடலின் சமநிலை மாறுகிறது, கணிப்பும் முதலிலிருந்து தொடங்குகிறது.

எனவே நடக்கத் தொடங்கும் முதல் சில வாரங்கள்தான் கூடுதல் கவனம் தேவைப்படும் காலம். விழுவதைக் கண்டு பதற வேண்டாம்: அடால்ஃப் குழுவினர் 2012இல் எண்ணியபோது, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து, 17 முறை விழுந்தன.

16. ஆறு மாசத்துலயே நல்லவன் கெட்டவன் தெரியுமாமே? பிறந்ததுமே நாக்கை நீட்டினா திருப்பி நீட்டுமாமே?

இரண்டும் புகழ்பெற்ற முடிவுகள், இரண்டும் இப்போது ஆட்டம் கண்டிருக்கின்றன. 2007இல் கைலி ஹாம்லின், வின், பால் புளூம் மூவரும், மலையேறத் தவிக்கும் ஒரு பொம்மைக்கு இன்னொரு பொம்மை உதவுவதையும் வேறொன்று தடுப்பதையும் காட்டி, பிறகு உதவிய பொம்மையையும் தடுத்த பொம்மையையும் தட்டில் வைத்தார்கள். பத்து மாதக் குழந்தைகள் 16இல் 14, ஆறு மாதக் குழந்தைகள் 12இல் 12, உதவியதை எடுத்தன. பின்னர் 'மெனிபேபீஸ்' என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஆய்வகங்கள் பல ஒரே முறையில் இதைத் திரும்பச் செய்தபோது, கணக்கில் வந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய சரிபாதிதான் உதவியதை எடுத்தன. நாணயம் சுண்டினாலும் அதுவே வரும்.

நாக்கு விஷயத்தில் மெல்ட்சாஃபும் மூரும் 1977இல் சொன்னதை, 2016இல் 106 குழந்தைகளை ஒன்பது வார வயது வரை பின்தொடர்ந்த ஆய்வில் காண முடியவில்லை. பெரியவர் நாக்கை நீட்டினாலும் வேறு எதைச் செய்தாலும் குழந்தை நாக்கை நீட்டியது. பரபரப்பில் நாக்கு வெளியே வருகிறது என்ற எளிய விளக்கம் வலுத்திருக்கிறது. வாதம் இன்னும் நடக்கிறது.

17. அப்போ இந்த ஆராய்ச்சியில எதைத்தான் நம்புறது?

குழந்தைகளை வரவழைப்பது கடினம், 5ஆம் பதிலில் சொன்னபடி கழிவும் அதிகம். அதனால் ஒரு குழுவுக்குப் பதினாறு, இருபது குழந்தைகள் என்ற அளவிலேயே பல ஆய்வுகள் நடந்தன. அத்தனை சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியும். மெனிபேபீஸ் பிறந்ததே இதைச் சரிசெய்யத்தான். அதன் முதல் ஆய்வு 2020இல் வந்தது: 67 ஆய்வகங்கள், 2,329 குழந்தைகள். குழந்தையிடம் கொஞ்சிப் பேசும் ராகத்தையே, பெரியவர்களிடம் பேசும் பேச்சைவிடக் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்பது அங்கே உறுதியானது. ஆனால் முந்தைய ஆய்வுகள் காட்டியதைவிடச் சிறிய அளவில்.

செய்தியைப் படிக்கும்போது கேளுங்கள்: குழந்தை உண்மையில் செய்தது என்ன, பார்த்ததா, எடுத்ததா, உறிஞ்சியதா? எத்தனை குழந்தைகள்? வேறோர் ஆய்வகம் திரும்பச் செய்ததா? எந்தச் சமூகத்துக் குழந்தைகள்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தரவில் பெரும்பகுதி வட அமெரிக்க, ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களிலிருந்து வந்தது.

18. அடுத்தவங்க மனசுல வேற எண்ணம் இருக்கும்னு எந்த வயசுல புரியும்?

இரண்டு பொம்மைகள். முதல் பொம்மை பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இரண்டாவது அதை எடுத்துப் பெட்டியில் ஒளிக்கிறது. முதலாவது திரும்பி வருகிறது. 'இப்போ பந்தை எங்க தேடும்?' மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் 'பெட்டியில்' என்று, தனக்குத் தெரிந்த இடத்தைக் காட்டும். நான்கு வயதைத் தாண்டினால் 'கூடையில்' என்று சொல்லும். இதன் முதல் வடிவம் விம்மர், பெர்னர் இருவரும் 1983இல் செய்தது. செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டு துணைக்கேள்விகள் கட்டாயம்: 'பந்து இப்போ நிஜமா எங்க இருக்கு? முதல்ல எங்க இருந்தது?' இவற்றுக்கே தவறிய குழந்தைக்குக் கதை மனதில் நிற்கவில்லை. அதன் பதிலை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

2005இல் ஓனிஷியும் பெயார்ஜானும் பார்க்கும் நேரத்தை வைத்து 15 மாதக் குழந்தைக்கே இது தெரியும் என்றார்கள். இந்த வகைச் சோதனைகளில் பல, திரும்பச் செய்தபோது நிலையான முடிவு தரவில்லை. 3ஆம் பதிலின் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

19. இந்தச் சோதனையெல்லாம் என் பையனுக்குச் செஞ்சு வளர்ச்சி சரியா இருக்கான்னு பார்க்கலாமா?

கூடாது. இவை குழுச் சராசரியைக் காண உருவானவை. ஒரே குழந்தையை இன்று ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை சோதித்தால் பார்க்கும் நேரம் வேறு வேறாக வரும். 6ஆம் பதிலின் துணி விளையாட்டில் உங்கள் குழந்தை தவறினாலும் வென்றாலும் அதிலிருந்து அதன் அறிவைப் பற்றி எதுவும் தெரியாது. குறைமாதத்தில் பிறந்திருந்தால் வயதையும் திருத்திக் கணக்கிட வேண்டும். எட்டு வாரம் முன்கூட்டிப் பிறந்த, இன்று ஆறு மாதமான குழந்தையை ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழிப்பது வழக்கம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கற்ற சொல்லை இழப்பது, கண்ணோடு கண் பார்க்காதது போன்றவை கவலை தந்தால் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

20. பொம்மையை எப்படி விளையாடணும்னு காட்டிக் கொடுக்கணுமா, சும்மா விட்டுடணுமா?

2011இல் எலிசபெத் பொனாவிட்ஸ் குழுவினர் நான்கு மறைவான வேலைகள் கொண்ட ஒரு பொம்மையை மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். 'இது இப்படித்தான் வேலை செய்யும்' என்று ஆசிரியர்போல் ஒரு வேலையைக் காட்டியதும், குழந்தைகள் அதையே திரும்பச் செய்தார்கள். மற்ற மூன்றை அதிகம் தேடவில்லை. தற்செயலாக நடந்ததுபோல் காட்டியபோது அதிகம் துழாவினார்கள். 'சொல்லிக்கொடுப்பவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்' என்று கருதுவது குழந்தையின் பார்வையில் நியாயம்தான்.

கத்தரியைப் பிடிப்பது போல ஒரே சரியான வழி உள்ளதையும் ஆபத்தானதையும் நேராகக் காட்டுங்கள். தேடிப்பார்க்க வேண்டியதில் ஒன்றை மட்டும் காட்டி, 'இன்னும் என்னென்ன பண்ணும்னு தெரியலையே' என்று விட்டுவிடுங்கள்.

21. வீட்டிலிருந்தே இப்படி ஓர் ஆய்வுல கலந்துக்கலாமா?

கலந்துகொள்ளலாம். 'சில்ட்ரன் ஹெல்பிங் சயின்ஸ்' போன்ற இணையத் தளங்களில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுகளைப் போடுகின்றன. மடிக்கணினியும் அதிலுள்ள கேமராவும் போதும். ஒப்புதலைக் கேமரா முன் வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். வீடியோவை யார் பார்க்கலாம் என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம், வேண்டாம் என்றால் அழிக்கச் சொல்லலாம்.

தரவு வீணாவது பெரும்பாலும் வெளிச்சத்தால். ஜன்னல் குழந்தைக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்து, கண் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். கேமரா குழந்தையின் கண் உயரத்தில் இருக்கட்டும். மடியில் நடுவாக உட்காரவையுங்கள். டிவியை அணையுங்கள், அக்கா அண்ணன்மாரை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். சொன்ன நேரத்தில் நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், காரணம் 4ஆம் பதிலில் இருக்கிறது. பாதியில் குழந்தை சிணுங்கினால் நிறுத்திவிட்டு வெளியேறுங்கள். அதுவரை பதிவானதில் பயன்படக்கூடிய சுற்றுகள் இருந்தால் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள்.